தணிகாசலத்தின் கறுப்புக் கண்ணாடி

சந்தேகம் ஒரு வியாதி. எனக்கு அதைக் கல்லூரியிலேயே பாடமாக நடத்தி, முதல் வகுப்பில் தேர்ச்சியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், எம்.பி.ஏ. முடித்த சூட்டோடு ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கம்பெனியில் பணியாளர் நிர்வாகி ஆனேன். (நிர்வகிக்க மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். அதில் இருவர் முதலாளியின் மச்சான்கள். அவர்களைக் கடவுளாலும் நிர்வகிக்க முடியாது.)

முகூர்த்த மாதம் நெருங்கும்போது தணிகாசலம் மெடிக்கல் லீவு போட்டார். நெய்து வரும் சேலையை விரித்து, இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவர் அவர்தான். காரணம், மெட்ராஸ் ஐ. மறுநாளே மச்சான்களில் ஒருவர் வந்து, “உங்காளு கூலிங் கிளாஸ் மாட்டிகினு வூட்டு வாசல்ல ஜாலியா கேரம் ஆடிகினு கீறாரு” என்று வத்தி வைத்தார்.

விடுவேனா? மொபெட்டை எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவாசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். வாயாடி என்று இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால், அம்மா இந்த இடத்தைத்தான் மலை போல நம்பியிருந்தாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. (வெளியே சொல்லவில்லை.)

தணிகாசலம் வாசலில் இரண்டு பக்கத்துக்கும் தானே ஆடிக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவரும் கிட்டே வராததால்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

“கண்ணு நோவுன்னு லீவு. சிவப்புக் காய் மட்டும் கரெக்டா விழுதா?”

“கண்ணு தெரியுது மேடம். செவந்துகினு கீது, அவ்ளோதான்.”

“அதெப்படி கரெக்டா முகூர்த்த நேரத்துல செவக்குது? கண்ணாடியக் கழட்டுங்க.”

“வாணாம் மேடம். பாத்தா ஒட்டிக்கும்.”

“பார்த்தால்லாம் ஒட்டாது. தொட்டாதான் ஒட்டும்!” என்று விஞ்ஞானம் சொன்னேன்.

கழட்டினார். இரண்டும் மிளகாய்ப் பழம்.

“வெங்காயம் தேச்சீங்களா?”

“வெங்காயம் விக்கிற வெலையில கண்ணுல வேற தேய்ப்பாங்களா மேடம்?”

எனக்குத் திருப்தியில்லை. இந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் காய் தெரியுமா, தெரியாதா? விசாரணை என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா? அவர் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டேன். “ஐயோ மேடம்!” என்று அவர் பதறியதை, குட்டு வெளிப்படும் பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு ஒரு கை ஆடியும் பார்த்தேன். காய் பிரமாதமாகத் தெரிந்தது.

“நாளைக்கு வேலைக்கு வர்றீங்க” என்று உத்தரவு போட்டுவிட்டு, ஆரணித் தூசியைத் திட்டியபடி கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடு வந்தேன்.

சனிக்கிழமை காலை இமை பிரியவில்லை.

“மாப்ள புடிக்கலன்னா வாயால சொல்லித் தொலை. வெங்காயம் தேச்சிகினியா?” என்றாள் அம்மா.

“சத்தியமா மெட்ராஸ் ஐம்மா!”

“அதெப்படி கரெக்டா பொண்ணு பாக்க வரசொல்ல வருது?”

கேள்வி என்னுடையது ஆயிற்றே.

அவர்களைத் தள்ளி வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சியும் அம்மா மசியவில்லை. ஞாயிறன்று பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கறுப்புக் கண்ணாடியோடு நடுக்கூடத்தில் நின்றேன். (காபியைத் தொட விடவில்லை.) மாறுகண்ணோ என்று அவர்கள் பக்கம் குசுகுசுப்பு. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டே விட்டார்.

“கண்ணாடிய செத்த கழட்டும்மா, பாக்கலாம்.”

“வேணாங்க, பார்த்தா ஒட்டிக்கும்” என்றது என் எம்.பி.ஏ. வாய்.

“பாத்தா ஒட்டாதுங்க. தொட்டாதான்” என்றார் மாப்பிள்ளை. (இவர்தான் என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.)

கழட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா எட்ட நின்றே எட்டிப் பார்த்தார். “செவப்பா கீதே தவிர, நேராத்தான் கீது” என்று தீர்ப்புச் சொன்னார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திங்கட்கிழமை முதலாளிக்குப் போன் செய்து தயங்கித் தயங்கி லீவு கேட்டேன். என் உத்தரவை மதித்து வேலைக்கு வந்த தணிகாசலத்தால் மச்சான்கள் உட்பட எல்லாருக்கும் ஒட்டிவிட்டதாம்.

“லீவு குடுக்க இங்க யாரும்மா கீறாங்க? கடையையே சாத்திட்டேன்” என்றார்.

இப்போதும் பரீட்சை நாளில் மகன் வயிற்றுவலி என்று வந்து நிற்பான். நான் கண்ணைச் சுருக்கி விசாரிக்க ஆரம்பிப்பேன். என் வந்தவாசிக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்:

“டேய், வயித்தக் கழட்டி உங்கம்மாகிட்ட குடுடா. மாட்டிப் பாத்துட்டுச் சொல்லுவா.”