பொன்னேரி வந்தும் முடியாத பாட்டு

பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஓடுகிற ஷேர் ஆட்டோக்காரர்களிலேயே பெரிய பைத்தியம் வட்டம் அண்ணன்தான். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் வண்டியில் ஒரே ஒரு பாட்டுதான் ஓடும். அதிலும் வாயால் பாடுகிறவர் யாரும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய பியானோ சொனாட்டா; வார்த்தையே இல்லாமல் பியானோ மட்டும் முக்கால் மணி நேரம். பூநாரை பார்க்க வந்த யாரோ வண்டியில் விட்டுப்போன பென் டிரைவில் இருந்தது. தேடி யாரும் வரவில்லை. அதில் வேறு பாட்டும் இல்லை.

மீன்காரிகளுக்கு பியானோ என்ன தெரியும் என்று சிரிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரி துணிக்கடைக்கு வேலைக்குப் போன நான், மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து தினமும் அதைக் கேட்டவள். உங்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்டீர்கள்?

முதல் நாள் பாட்டு அமைதியாகத்தான் ஆரம்பித்தது. திடீரென்று அடியிலிருந்து ஓர் உறுமல்.

"டேய், நிறுத்துடா! எஞ்சினு கழண்டுக்கிச்சு!" என்று மீன் விற்கும் எல்லம்மா அக்கா அலறினாள்.

எல்லோரும் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

"எஞ்சினு இல்லக்கா, பாட்டு," என்றார் வட்டம்.

"இதுக்கு எஞ்சினே கழண்டிருக்கலாம்."

பியானோக்காரர் இடையில் சற்றே நிறுத்துவார். எல்லம்மா அக்கா உடனே ஸ்பீக்கரை ஓங்கி அறைவாள். சத்தம் திரும்ப வந்ததும், "பாத்தியா, என் கைராசி," என்று எங்களைப் பார்ப்பாள். மெதுவாகப் போகிற இடம் வந்தால் இறால் விற்கும் மேரி சிலுவை போட்டுக்கொள்வாள். "காலங்காத்தால இன்னாத்துக்கு சாவுப் பாட்டு?" என்று திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்துவாள். கடைசியில் பாட்டு துள்ளும். எல்லம்மா அக்காவின் காலும் துள்ளும்.

"இன்னாக்கா, காலு ஆடுது?"

"எறும்பு கடிக்குதுடீ. உன் வேலையப் பாரு."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாட்டு முடிவதற்குள் பொன்னேரி வந்துவிட்டால் இந்த மனுஷன் யாரையும் இறக்கிவிட மாட்டார். முடிகிறவரை பஸ் ஸ்டாண்டைச் சுற்றுவார். வட்டம் என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

"டேய், ஐஸ் கரையுதுடா!"

"பாதியில நிறுத்துனா வாசிக்கிறவரு மனசு இன்னா பாடுபடும்கா?"

"அவன் மனசு கெடக்குது, என் மீனு நாறுதுடா!"

எனக்கும் கடையில் தினமும் திட்டு விழுந்தது. இப்போதும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இந்தக் கூச்சல் பழவேற்காடு ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் காதுக்குப் போனது. ஒரு நாள் காலை எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: "பாட்டும் வேணாம், சுத்தறதும் வேணாம். இல்லன்னா இந்த ஸ்டாண்டுல உனக்கு இடம் கெடையாது."

ஸ்டாண்டில் இடம் இல்லையென்றால் சவாரி இல்லை. சவாரி இல்லையென்றால் அடுப்பு எரியாது. வட்டம் வண்டியை வரிசையிலிருந்து வெளியே தள்ளினார். தலைவர் எங்களை அடுத்த ஆட்டோவில் ஏறச் சொன்னார்.

எல்லம்மா அக்கா கூடையை அந்த ஆட்டோவின் முன்சக்கரத்துக்கு எதிரே 'தொப்'பென்று வைத்தாள். பக்கத்தில் மேரியின் கூடை. பிறகு என் சாப்பாட்டுப் பை.

"உங்களுக்காகத்தானம்மா சொன்னேன்! நீதான தெனம் அவனைத் திட்டறே?" என்றார் தலைவர்.

"என் புருசனையுந்தான் தெனம் திட்டறேன். அவனையும் வெளிய அனுப்பிடுவியா? யோவ், அந்தப் பாட்டை நாங்க திட்டுவோம், காறித் துப்புவோம். எங்க காது, எங்க வாயி. நடுவுல உனக்கு இன்னாய்யா?"

பின்னால் நின்ற ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. ஒரு கூடையும் நகரவில்லை. தலைவர்தான் நகர்ந்தார். "சரி, பாட்டு போட்டுக்கோ. ஆனா சுத்தக்கூடாது." "சரிண்ணே," என்று வட்டம் தலையாட்டினார். நாங்கள் அவர் வண்டியிலேயே ஏறினோம்.

அன்றைக்கென்று சாலை காலியாக இருந்தது. துள்ளுகிற இடம் ஆரம்பித்ததுமே பொன்னேரி வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாமல் வட்டம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பாட்டை அணைக்கக் கை நீட்டினார். அணைக்காமலே எங்கள் பக்கம் திரும்பினார்.

"எறங்குங்கக்கா. ஐஸ் கரையுது."

கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஒருத்தியும் இறங்கவில்லை.

"சுத்துடா," என்றாள் எல்லம்மா அக்கா.