ஒன்றுவிட்ட கோணம்

"கிர்ர்ர்... டொக்."

மஃரிப் தொழுது முடிந்த கையோடு அலவத்துகொட வீட்டின் பின்பக்கம் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. றுமைஸா குழந்தை ஸாகியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் பின்பக்கத்துக் குசினிக் கதவு ஒரு பக்கம் தொய்ந்து, தாழ்ப்பாள் துளைக்குள் போக மறுத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"பூனை," என்றான் புருஷன் இப்திகார், சோற்றிலிருந்து தலை நிமிராமல்.

"பஹீம் நானாவைக் கூப்பிடுவமா?"

பஹீம் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன், தச்சன். கலியாண வீடொன்றில் அவன் முகத்துக்கு நேரே, "பலகையில ஆணி அடிக்கிறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டுவைத்தவன் இப்திகார். இனி அவனைக் கூப்பிடுவதைவிடக் கதவில்லாமலே வாழலாம்.

"நானே செய்றேன்!"

மறுநாள் செய்தான். கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு சட்டங்கள். இடையில் சரிவாக ஒரு பலகை அடித்தால் தொய்வு நிற்கும். மேல் கோணத்தை அளந்து வெட்டினான்.

"கீழயும் அதே கோணம்தாங்க. சட்டம் ரெண்டும் சமாந்தரம். குறுக்கே ஒன்னு போனா ஒன்றுவிட்ட கோணம் சமன்."

"ஒங்க ஊட்டுல எல்லாமே ஒன்றுவிட்டதுதானா? கான்வென்ட் கணக்கு கதவுக்குச் சரிவராது!"

"கணக்குல நேயக் கோணமும் இரிக்கி. ஒரே பக்கம் உள்ளுக்குள்ள ரெண்டு பேர். ஒன்னு கூடினா மத்தது விட்டுக்கொடுக்கும். இந்த ஊட்டுல இல்லாத சாமான்."

கீழ்ப்பக்கத்தைத் தன் மனக்கோணலுக்கு வெட்டினான். வந்த இடைவெளியில் ஸாகியின் ரப்பர் வாத்து நீந்திப் போகலாம். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டப் போன சமயம், வேறு பலகை எடுத்து இரண்டு முனையையும் ஒரே கோணத்தில் வெட்டி அடித்தான். கச்சிதம்.

"பாத்தியா? என்ட கணக்கு!"

"மாஷா அல்லாஹ். வெளிய நின்டு கள்ளன் மாதிரித் தள்ளிப் பாருங்க."

இருட்டிவிட்டிருந்தது. போனான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தள்ளினான்.

"அசையல்ல! தொற."

"ரெண்டு கோணமும் எப்படீன்னு செல்லுங்க, தொறக்கிறேன்."

"செல்லமாட்டேன்!"

முதுகுக்குப் பின்னால், பலா மரத்தடியில்: கிர்ர்ர்... டொக்.

"றுமைஸா!"

"பூனைதானேங்க."

"சமன்! ஒன்றுவிட்டது சமன்!"

"கொஞ்சம் சத்தமா. பஹீம் நானாக்கு போன்ல விளங்கல்லயாம்."

எதிர்மலைக்கே கேட்கும்படி கத்தினான். கதவு திறந்தது. உள்ளே பாய்ந்தவன் தாழ்ப்பாளைத் தானே போட்டான். போட்டது போதாதென்று இழுத்தும் பார்த்தான்.