மூன்று மடங்கு அம்மா

"அப்பா, அப்ப நான் இன்னும் பொறக்கவே இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

கண்ணாடிக்கடைக்காரர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் x = 0 என்றுதான் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டி அனுப்புகிற மனிதர், பெற்ற மகளுக்குப் பூஜ்யம் வயது போட்டு வைத்திருந்தார்.

நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. மற்றதெல்லாம் தெரியுமாம், இந்த வயதுக் கணக்கு மட்டும் அப்பா சொல்லித் தந்தால்தான் புரியுமாம். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு எந்த அப்பா சும்மா இருப்பார்?

"கேள்விய இன்னொரு தடவ படி."

"ஒரு தாயின் வயது, மகளின் வயதைப் போல மூன்று மடங்கு. பதினான்கு ஆண்டுகள் கழித்து அது இரண்டு மடங்காக இருக்கும். எனில், இருவரின் இப்போதைய வயது என்ன?"

"நம்ம வீட்டு ஆளுங்கள வெச்சே சொல்லிக் குடுங்க. அப்பதான் மனசுல நிக்கும்" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அதுவும் சரிதான். மகள் யாரு? நீ. உன் வயசு x. தாய் யாரு? அதோ அடுப்புக்கிட்ட நிக்கிறாளே, அவ. அவ வயசு 3x. பதினாலு வருஷம் கழிச்சு, 3x + 14 = 2(x + 14). இதுவரைக்கும் எப்படி, தெளிவா இருக்கா, மங்கலா இருக்கா?" கடையில் கேட்டுக் கேட்டு அது அவர் வாயில் ஊறிப்போயிருந்தது.

"தெளிவா இருக்குப்பா. இதுக்கு அடுத்த வரியிலதான் நான் காணாமப் போயிட்டேன்."

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற பதினாலையும் ரெண்டால பெருக்கினீங்களா?" என்றது சமையலறை.

பெருக்கவில்லை. அதற்காக அதை ஒப்புக்கொள்வதா? "பெருக்காம? அதுக்குத்தானே வரேன்!" என்று 2x + 28 என எழுதினார். அந்த வேகத்திலேயே x எல்லாம் இந்தப் பக்கம், எண்ணெல்லாம் அந்தப் பக்கம் என்று தள்ளினார். பதினாலும் இருபத்தெட்டும் கூடி நாற்பத்திரண்டு வந்தது.

"அப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு. அம்மாவுக்கு நூத்தி இருபத்தாறு" என்றாள் மகள்.

உள்ளே கரண்டி விழுந்தது. "ஐயையோ! அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆகணும்ங்க!"

"நீ அடுப்பைப் பாரு. நான் உன்னைவிட ரெண்டு வயசு பெரியவன். எனக்குத் தெரியாதா?"

இது அவருடைய பிரம்மாஸ்திரம். அந்த வீட்டில் என்ன வாங்குவது, யாரை அழைப்பது, எந்தச் சட்டையை அவர் போடுவது என்பதெல்லாம் மனைவியின் இலாகா. அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே பதவி, இரண்டு வயது மூத்தவர் என்பதுதான். ஜன்னலோர நாற்காலியும் காலையில் முதல் ஆளாகப் பேப்பர் படிக்கிற உரிமையும் அந்தப் பதவியை நம்பித்தான் இருந்தன.

மகளே பென்சிலை வாங்கிக்கொண்டாள். பதினாலை மைனஸ் ஆக்கினாள். இருபத்தெட்டிலிருந்து கழித்தாள். "x = 14. அப்பா, எனக்குப் பதினாலு! கரெக்டா வந்துடுச்சு!"

"பாத்தியா, நான் சொல்லிக் குடுத்தா வராம இருக்குமா?" என்று மீசையைத் தடவினார். "தாய் வயசு?"

"பதினாலை மூணால பெருக்கினா நாப்பத்திரண்டு."

மீசையைத் தடவிய கை அப்படியே நின்றது. "தப்பா இருக்கே. உங்கம்மாவுக்கு முப்பத்தொம்பதுதானே?"

"சரிபாத்துட்டேன்பா. பதினாலு வருஷம் கழிச்சு அம்மாவுக்கு அம்பத்தாறு, எனக்கு இருபத்தெட்டு. ரெண்டு மடங்குதான்."

"தாள்ல சரி, வீட்டுல தப்பு. கல்யாணம் பேசினப்ப இருபத்திரண்டுன்னாங்க. பதினேழு வருஷம் ஆச்சு. நீயே கூட்டிப் பாரு."

"ஒருவேளை அம்மாவுக்கு நாப்பத்திரண்டாவே இருந்துட்டா?" என்றாள் மகள், அவர் முகத்தையே பார்த்தபடி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி போடி! கணக்கு பொய் சொல்லும். உங்கம்மா சொல்லமாட்டா."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் என்னவோபோல் இருந்தது.

"ஏங்க, ஒரு பேச்சுக்கு அந்த விடை சரின்னே வெச்சுக்குவோம். என்ன ஆயிடும்?"

"என்ன ஆயிடுமா? எனக்கு நாப்பத்தொண்ணு. நான் சின்னவனாயிடுவேன்! அப்புறம் இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கு?"

அவள் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். பாவம், தனக்கு மூன்று வயது கூட்டிவிட்டார்களே என்று மனசு கஷ்டப்படுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவள் மனசு கஷ்டப்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கணக்கைத் தானே சரிசெய்ய இறங்கினார். "இங்க பாரு, உன் வயசு பதிமூணுன்னு வெச்சுக்கோ. மூணு மடங்கு முப்பத்தொம்பது. முடிஞ்சுது."

"அப்ப நான் திரும்ப எட்டாங்கிளாஸ் போகணுமா? அதோட, பதினாலு வருஷம் கழிச்சு எனக்கு இருபத்தேழு, அம்மாவுக்கு அம்பத்துமூணு. ரெண்டு மடங்கு வரலையே."

"அந்த ஒரு வருஷத்த யாரு பாக்கப்போறா?"

"டீச்சர் பாப்பாங்கப்பா!"

அதோடு அவருக்குப் பொறுமை போயிற்று. அல்ஜீப்ரா அழியட்டும், அச்சடித்தவன் மாட்டட்டும், மனைவிக்கு முப்பத்தொன்பதுதான். போனை எடுத்துக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்.

"வேணாங்க! டீச்சரெல்லாம் எதுக்குங்க?" என்று உள்ளேயிருந்து பதறினாள் மனைவி.

"நீ கவலப்படாதம்மா, நான் இருக்கேன்!" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, போனில் முழங்கினார். "டீச்சர், உங்க புத்தகத்துல என் மனைவிக்கு மூணு வயசு கூடப் போட்டிருக்காங்க. குடும்பத்துல குழப்பம் வருது. எனக்கு ஒரு நியாயம் வேணும்!"

"எந்தப் பக்கத்துல சார்?" என்று மெல்லக் கேட்டார் டீச்சர்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. சொல்லு."

"பக்கமெல்லாம் இல்லப்பா. இது அம்மா போட்டுக் குடுத்த கணக்கு. இத்தன வருஷமா வாயால சொல்ல வரலையாம். விடை வந்ததும் அப்பா முகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாங்க."