ஜன்னல் சீட்டைக் கழற்றிய மாப்பிள்ளை

புது மாப்பிள்ளையிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மானம் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். மாமியார் வீட்டில் நீங்கள் ஒரு மொக்கை ஜோக் சொன்னாலும் ஹாலே குலுங்கும். குளிக்கும்போது வாய் தவறிப் பாடிவிட்டால், "பாட்டு கிளாஸுக்குப் போனியளோ மாப்ள?" என்று கேட்பார்கள். கல்யாணமான புதிதில் நான் உண்மையிலேயே ஒரு மேதை என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். (என் மனைவி சுபா மட்டும் உண்மையைச் சொல்வாள். அதுவும் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு.)

அந்த மேதை தலை தீபாவளியன்று தியாகராய நகரில் குப்புற விழுந்த கதை இது.

என் மாமனாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். தியாகராய நகரில் கீழே பாத்திரக் கடை, மேலே வீடு. கடையில் எவர்சில்வர் குவிந்து கிடக்கும். ஒரு கரண்டி விழுந்தால் மேல் மாடிவரை கேட்கும். அவருக்கு சுபாவுக்கு அடுத்து ஒரே பையன், கணேஷ். கல்லூரி முடித்துவிட்டுக் கடையில் உட்காராமல் ஒரு வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தான். பெயர் 'பஸ் பட்டறை'.

கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. வாங்கும்போது அதில் இருப்பது வெளிநாட்டு ரோடு, வெளிநாட்டு பஸ், கேள்வி கேட்காத பயணிகள். நம் பையன்கள் அதையெல்லாம் கழற்றிவிட்டு நம் ஊர் பஸ்ஸையும் நம் ஊர்த் தெருவையும் தாங்களே செய்து மாட்டுவார்கள். அதற்கு 'மாட்' என்று பெயர். செய்ததை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிற இடம்தான் பஸ் பட்டறை. காசு கிடையாது, பைசா கிடையாது. கணேஷுக்கு உலகமே அதுதான்.

"பஸ்ஸு பஸ்ஸுன்னு உருப்படாமப் போறான் மாப்ள. நீங்களாவது சொல்லப்படாதா?" என்று மாமா என்னிடம் புலம்புவார்.

நான் அடையாறில் ஒரு கம்பெனியில் வெப்சைட் வடிவமைக்கிறவன். மாமனாரே கேட்டுக்கொண்ட பிறகு சும்மா இருக்கலாமா? பஸ் பட்டறையைத் திறந்து பார்த்தேன். கண் கூசியது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. மூலைக்கொரு ஹெட்லைட் கண் சிமிட்டியது. நெற்றியில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்ற எச்சரிக்கை. ஒரு 'மாட்'டை இறக்கிக்கொள்ளும் பொத்தானில் 'ரைட்' என்று போட்டிருந்தது. யாருக்காவது தனியாகச் செய்தி அனுப்பினால் அவர் போனில் டபுள் விசில் அடிக்கும். உறுப்பினர்களுக்குள் தரவரிசை வேறு: புதிதாக வந்தவர் 'படி', கொஞ்சம் பழகினால் 'கம்பி', பிறகு 'சீட்', வருஷக்கணக்கில் உழைத்து நல்ல மாட் செய்தவர்களுக்கு மட்டும் 'ஜன்னல் சீட்'.

"கணேஷ், கண்ணு வலிக்குதுப்பா. தீபாவளிக்கு நான் புதுசா போட்டுத் தரேன்" என்றேன், சாப்பாட்டு மேசையில், எல்லார் காதிலும் விழும்படி.

கணேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இழுத்தான். "அத்தான், நம்மாளுங்க கொஞ்சம் ஒரு மாதிரி. ஏற்கெனவே இன்னொரு சைட்காரன் எல்லாரையும் வா வான்னு கூப்பிட்டுக்கினு இருக்கான். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா திரும்ப வரமாட்டாங்க. பட்டறைய மூட வேண்டியதுதான்."

"போக மாட்டாங்கப்பா. அசந்துருவாங்க."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளை என்பது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. "மாப்ள செஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சினார்.

செய்தேன். மஞ்சளை எடுத்தேன், சிவப்பை எடுத்தேன், ஹெட்லைட்டைப் பிடுங்கினேன். எல்லாம் வெள்ளை. "பக்கம் மூச்சு விடணும்" என்று கணேஷுக்கு வகுப்பெடுத்தேன். 'ரைட்' போய் 'பதிவிறக்கு' வந்தது. படி, கம்பி, சீட், ஜன்னல் சீட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே பட்டம் கொடுத்தேன்: 'உறுப்பினர்'. சமத்துவம்! உறுப்பினர்கள் அனுப்பும் படங்கள் முதல் பக்கத்தின் வெள்ளை வெளியில் பெரிது பெரிதாக வந்து உட்காரும்படியும் செய்தேன். இவ்வளவுக்கும் அந்த விளையாட்டை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு எதற்கு அது?

தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி சட்டையில், ஹால் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். வெளியே தூறல், அதையும் மீறி வெடி. அத்தை முந்திரிக்கொத்துத் தட்டை என் பக்கத்தில் வைத்தார். சுபா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். (அந்த நிற்பு எனக்குத் தெரியும். நல்லதற்கில்லை.) மாமா எனக்குப் பின்னால் நாற்காலியில், மூக்குக் கண்ணாடியும் போனுமாக. யாருக்கோ வாழ்த்து அனுப்புகிறார் என்று நினைத்தேன்.

புதுப் பக்கத்தைத் திறந்துவிட்டேன்.

"பிரமாதம் மாப்ள!" என்றார் மாமா.

முதல் கருத்து வந்தது. "இன்னா நைனா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கீது?"

அடுத்தது: "பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா பாத்ரூம்ல கொண்டாந்து வுட்டுக்கினாங்க."

அதற்கடுத்தது: "பதிவிறக்காம்ல! எறங்கறதுக்கா மச்சி நாம வந்தோம்? 'ரைட்' எங்க?"

அப்புறம் வரிசையாக ஒரே கேள்விதான். என் ஜன்னல் சீட் எங்கே? எவன் எடுத்தான்? யாரைக் கேட்டு எடுத்தான்?

நடுவில் 'ஓட்டை ஷட்டர்' என்ற பெயரில் ஒருவர் எழுதினார். "கழுவிக் கவுத்துன குண்டான் மாதிரி இருக்கு. வெளிய பளபளன்னு மின்னுது, உள்ள ஒரு பருக்கை கிடையாது. செஞ்ச ஆளு சென்மத்துல பஸ்ல ஏறுனவன் இல்ல."

சுருக்கென்றது. "யாரு கணேஷ் இந்த ஆளு?"

"பெரிய தல அத்தான். பட்டறையில முதல் ஜன்னல் சீட் அவருக்குத்தான் குடுத்தேன்."

"வெவரங்கெட்ட பய மாப்ள. நீங்க கொத்து எடுத்துக்கிடுங்க" என்றார் மாமா பின்னாலிருந்து.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மேதைக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டறை நிர்வாகியின் பெயரில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'போகப் போகப் பழகிவிடும்.'

பிறகு யாரோ ஒருவர், "இவ்ளோ எடம் காலியா கீதே, யாருமே ஏறலியா? துண்டு போட்டுக்கறேன்" என்று ஒரு துண்டின் படத்தைப் போட்டார். நீலக் கட்டம் போட்ட துண்டு. என் அருமை வெள்ளை வெளியில் அது பெரிதாக வந்து உட்கார்ந்தது.

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குள் காலி பஸ் நுழைந்தால் ஜன்னல் வழியாக என்னென்ன விழுமோ அத்தனையும் விழ ஆரம்பித்தன. குற்றாலத் துண்டு, கர்ச்சீப், மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், குடை, ஒற்றைச் செருப்பு. ஒரு மகராசன் தன் கைக்குழந்தையையே படம் பிடித்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, நான் சுத்தி வரேன்" என்று எழுதியிருந்தார். கண்ணெதிரே பக்கம் முழுக்க மூடிப்போயிற்று. வெள்ளை என்று ஒரு பொட்டு இடம் பாக்கி இல்லை.

கோபம் வரவேண்டிய இடம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் கம்பெனியில் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ பக்கங்கள் செய்து கொடுத்திருக்கிறேன். நன்றி என்று ஒரு வரி எழுதவே ஆள் கிடையாது. இங்கே தீபாவளி காலையில், இட்லியைக்கூட விட்டுவிட்டு, ஊரெங்கும் ஆட்கள் கொடியிலிருந்து துண்டை உருவிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

கணேஷ் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. "அந்த சைட்காரன் 'எங்க பஸ்ல சீட் இருக்கு, வாங்க'ன்னு போட்டுட்டான் அத்தான். பாதிப் பேரு கெளம்பிட்டேன்னு சொல்றாங்க."

"ஜன்னல் சீட்டுங்கிறது சும்மா ஒரு பேருதானேப்பா?" என்றேன்.

அவன் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். "ஒரு ட்ரிப் ஓட்டிப் பாருங்க."

அடையாறில் பஸ்ஸை எடுத்தேன். சிக்னல் தாண்டியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. மழை விட்ட ரோடு. டீக்கடை வாசலில் கவிழ்த்து வைத்த பால் கேன். சுவரில் பாதி கிழிந்த போஸ்டர், அதற்கடியில் அதைவிடப் பழைய போஸ்டர். வழியில் மெட்ரோவுக்குத் தோண்டுவதற்காக ரோட்டைப் பாதி அடைத்திருந்த தகரத் தடுப்புகூட அப்படியே இருந்தது. அதில் ஒன்று சாய்ந்திருந்தது, நிஜத்திலும் அதே இடத்தில் சாய்ந்திருக்கும்! ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெரு முனை ஸ்டாப்பைப் பார்த்ததும் "அடேய்!" என்று கத்திவிட்டேன். பின்னால் எங்கள் பால்கனி. கொடியில் துணி. (அதில் என் பனியனும் இருந்தது என்று சுபா இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள்.)

பனியனைப் பார்க்கப் போய் பஸ்ஸை ஒரு பழ வண்டிமேல் ஏற்றப் பார்த்தேன். சடக்கென்று பிரேக் போட்டேன். அப்போது வந்தது அந்தச் சத்தம். பஸ்ஸின் கடைசி வரிசையில், துருப்பிடித்த ஜன்னல் ஷட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக... லொட லொட லொட லொட்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தினமும் காதில் விழுந்த சத்தம் அது. அதை ஒருவர் கவனித்திருக்கிறார், மெனக்கெட்டுச் செய்திருக்கிறார், யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவன் பிரேக் போடும்போது கேட்கட்டும் என்று இனாமாகக் கொடுத்திருக்கிறார். இவர்களுடைய இடத்தையா நான் சமத்துவம் என்று சொல்லிச் சுரண்டி எடுத்தேன்?

"இந்த சத்தத்த யாரு பண்ணது?"

"ஓட்டை ஷட்டர்தான். அந்த ஒரு சத்தத்துக்குத்தான் ஜன்னல் சீட்."

அவருக்குத் தனிச் செய்தி எழுதினேன். 'ஐயா, அந்த ஷட்டர் சத்தம் கேட்டேன். நீங்கள் திட்டியது அத்தனையும் நியாயம். எப்படிச் செய்தீர்கள் அதை?' அனுப்பினேன்.

எனக்குப் பின்னால் டபுள் விசில் அடித்தது.

எல்லாரும் திரும்பினோம். மாமா போனை வேட்டி மடிப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?" என்றான் கணேஷ். குரல் கீச்சென்று வந்தது. "ஓட்டை ஷட்டர் நீங்களா? உங்களையா நான் இத்தன வருஷம் 'தல, தல'ன்னு கூப்பிட்டுக்கினு இருந்தேன்?"

"கடையில மத்தியானம் கிராக்கி கம்மில்லா. சும்மா இருக்க நேரத்துல..." என்று மாமா முணுமுணுத்தார்.

அத்தை இடுப்பில் கை வைத்தார். "தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையவா இப்படி வாய்க்கு வந்தபடி வஞ்சிய?"

"மாப்ளய எங்கட்டி வஞ்சேன்? வெப்சைட்டைத்தான் வஞ்சேன்!" அதோடு மாமாவுக்கு அணை உடைந்துவிட்டது. என்னை நேருக்கு நேர் பார்த்தார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதிய மாப்ள. சகிக்கல. பஸ்ஸுன்னா நாலு சத்தம், நாலு கலரு, நாலு சண்டை இருக்கணும். நீங்க பொணத்துக்குப் போத்துன மாதிரி வெள்ளைய விரிச்சு வச்சிருக்கிய. என் சீட்டு எங்க? அத மொதல்ல சொல்லுங்க!"

கதவருகே சுபா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் லேப்டாப்பை இழுத்து வைத்து எழுதினேன்: 'ஹோல்டான்! தப்பான ரூட்டில் வந்துவிட்டேன். மன்னிக்கணும். ரிவர்ஸ் எடுக்கிறேன்.'

மாமா தன் போனை வெளியே எடுத்து, எல்லார் முன்னிலையிலும், அதற்குக் கீழே எழுதினார்: 'டிரைவர் நம்ம வீட்டு மாப்ளதான். எவனும் எறங்க வேண்டாம்.'

கொஞ்ச நேரத்தில் ஒருவர், "வரட்டும்" என்றார். இன்னொருவர், "வரட்டும்... வரட்டும்..." அடுத்தவர், "லெஃப்ட்ல ஒடி." அப்புறம் பக்கம் பக்கமாக அதுதான். பழைய பக்கத்தை நான் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட மாட்ட, முகம் தெரியாத கூட்டம் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி வழிகாட்டியது. மஞ்சள் வந்தது, வரட்டும். ஹெட்லைட் வந்தது, வரட்டும் வரட்டும். ஜன்னல் சீட் வந்ததும், "ஹோல்டான்!" கிளம்பினவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கணேஷ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தான்.

சாயங்காலம் மாமா என்னைப் பூட்டிக் கிடந்த கடைக்குள் கூட்டிப் போனார். எவர்சில்வர் தட்டுகளைச் சாய்வாக அடுக்கி, மேலே அளவு பொருந்தாத ஒரு அண்டா மூடியைச் செருகி, மேசையை முட்டியால் ஓர் இடி இடித்தார். லொட லொட லொட லொட். நான் அந்தப் பாத்திரங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னொரு தடவ மாமா" என்றேன். இடித்தார். "இன்னொரு தடவ." முட்டி வலிக்கும்வரை இடித்துக் காட்டினார்.

மன்னிப்பு கிடைத்ததே தவிர தண்டனை குறையவில்லை. பஸ் பட்டறையில் எனக்கு ஆயுள் முழுக்க 'படி' பட்டம்தான். போதாக்குறைக்கு அடுத்து வந்த 'மாட்'டில், எங்கள் தெரு முனை ஸ்டாப்பில், புது வேட்டி கட்டிய ஓர் ஆள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு கையை நீட்டியபடி நிற்கிறான். அவனுக்கு எந்த பஸ்ஸும் நிற்காது. மாமாவும் அன்றோடு என்னிடம் மரியாதைப் பொய் பேசுவதை நிறுத்திவிட்டார். என் ஜோக்குக்கு அந்த வீட்டில் இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

போன தீபாவளிக்கு என் மகள் தாத்தா மடியில் உட்கார்ந்து பஸ் ஓட்டினாள். எங்கள் ஸ்டாப் வந்தது. "தாத்தா, அப்பா பாவம். மழையில நிக்கிறாங்க. ஏத்திக்கலாமா?" என்று பிரேக்கில் விரலை வைத்தாள். லொட லொட லொட.

மாமா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"சரி, ஏறச் சொல்லு. ஆனா படியிலதான் நிக்கணும். ரைட்!"