டிக்கி திறப்புப் போராட்டம்

போராட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன், எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைத் தேதி வாரியாகப் பதிவு செய்கிறேன். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும்.

ஒன்று. 1988. என் கல்யாண மேடையில் மணமகன் உரை நிகழ்த்தினேன். நாற்பதாவது நிமிடத்தில் மணமகள் மதிவதனி எழுந்துபோய் மைக்கை அணைத்தாள். சாம்பார் ஆறுகிறதாம்.

இரண்டு. 1996. நானே எழுதி நானே அச்சடித்த அறுநூறு துண்டறிக்கைகள் பரணில் இருந்தன. மதிவதனி அவற்றை எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டாள். ‘உழைப்பவனே, விழித்தெழு!’ என்ற என் முழக்கம் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டின் மேல் ஒரு வருடம் தூங்கியது.

மூன்று. 2022. தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கார் வாங்கினாள், ஓட்டக் கற்றாள், லைசென்சும் எடுத்தாள். நானும் போனேன். எட்டுப் போடச் சொன்னார்கள். ஏன் எட்டு, யார் தீர்மானித்தது என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. லைசென்சும் இல்லை.

நான்கு. போன பொங்கல். என் ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று வாய்மொழியாகச் சொன்னேன். “எதையும் எழுத்துல வாங்கணும்னு ஊருக்கே நீங்கதானே சொன்னீங்க?” என்று காகிதத்தை நீட்டினாள்.

அந்த ஒப்பந்தத்தின் தண்டனைப் பிரிவைப் படித்தால் உங்களுக்கும் வியர்க்கும். ‘பலராமன் ஆகிய நான் இனிப்பு வாங்கினால்கூட, பௌர்ணமிதோறும் மதிவதனியுடன் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருவேன். வழியில் வாய் திறக்க மாட்டேன்.’ திருவண்ணாமலையிலேயே பிறந்து, அறுபத்தாறு வருடமாக ஒருமுறைகூட மலையைச் சுற்றாதவன் நான். கொள்கை. அதையாவது விட்டுக்கொடுக்கலாம். நாலு மணி நேரம் பேசாமல் நடப்பதா?

கையெழுத்துப் போடும் முன் நானும் ஒரு வரி சேர்த்தேன். ‘குற்றம் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், இருவரும் ஒரே இடத்தில் நிற்கும்போது நிரூபிக்கப்பட வேண்டும்.’ சாட்சிகளையும் நானே தேர்ந்தெடுத்தேன். ஒருவர் எதிர்வீட்டு சக்கரபாணி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆராயி. கடைத் தண்ணீர் சக்கரபாணியின் வாசலில் ஓடிய நாளிலிருந்து மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒருவர் தெருவுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். அவர்கள் ஒரே இடத்தில் நிற்பது நடக்கிற காரியமா?

ஐந்தாவது அநீதிதான் டிக்கி.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, ஆற்காட்டில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தோம். ஆற்காடு வரை போய் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடாவை வாங்காமல் வருபவன் மனிதனா? முன்கூட்டியே போனில் சொல்லி வைத்து, மதிவதனி பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் அரைக் கிலோ பெட்டியை வாங்கி, டிக்கியில் என் நோட்டீஸ் கட்டுக்கு அடியில் பதுக்கினேன். கடையில் என் பெயரைக் கொடுப்பேனா? நான் என்ன புதிதாகக் கட்சிக்கு வந்தவனா?

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, டிக்கி பட்டனை அமுக்கினேன். அமுக்கினால் தானாக எழும்பும் மின்சார டிக்கி அது. எழும்பவில்லை. மறுபடி அமுக்கினேன். கையால் இழுத்தேன். அதட்டினேன்.

“இன்னா பண்றீங்க?” ஈரத் தலையோடு வாசலில் நின்றாள்.

“டிக்கி திறக்கல, மதி. என் நோட்டீஸ் உள்ள இருக்கு.”

“முப்பது வருஷமா யாரும் கேக்காத நோட்டீசு. இன்னிக்கு யாரு கேட்டாங்க?”

“தேவை எப்ப வேணா வரும்.”

“சரி, பம்பருக்கு அடியில கால நீட்டினா தானா திறக்கும்னு புக்குல போட்டிருக்கு. நீட்டுங்க.”

நீட்டினேன்.

“அவ்ளோ ஜாஸ்தி இல்ல. கொஞ்சம் கம்மியா. எடுங்க. திரும்ப நீட்டுங்க.”

பத்து நிமிடம் நீட்டினேன், எடுத்தேன். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா அந்த வழியாக வந்தார். இது ஏதோ ஆசனம் என்று நினைத்து, பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு அவரும் காலை நீட்டினார். டிக்கி இருவரையும் மதிக்கவில்லை.

மெக்கானிக் பிரசாத்தை வரவழைத்தேன். சாவிக்குப் புது செல் போட்டான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினான். டிக்கியில் காதை வைத்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி கேட்டான்.

“மோட்டாருக்கு ஆர்டரே போகல சார். நடுவுல யாரோ தடுக்கறாங்க.”

“அதிகார வர்க்கம்!” என்றேன்.

“பின்சீட்டும் மடங்காது. கம்பி வச்சி நெம்பலாம். ஆனா மேடம் பாத்தா என்னைய நெம்பிடுவாங்க. நான் அவங்ககிட்ட அஞ்சாவது படிச்சவன்.”

“யாரும் நெம்ப வேணாம்” என்றாள் மதிவதனி. “பௌர்ணமிக்கு ரோட்ட அடைச்சிடுவாங்க. மத்தியானமே வேலூருக்கு சர்வீஸ் எடுத்துட்டுப் போறேன். என் கண்ணு முன்னாடி திறப்பாங்க.”

என் கண் முன்னால் பதினான்கு கிலோமீட்டர் தெரிந்தது.

அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்வில் ஒரு விஷயம் மாறியதே இல்லை. நான் கோஷம் போட ஆரம்பித்தால் மதிவதனி வெட்கப்பட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முடியும்வரை வெளியே வரமாட்டாள். அந்த நேரத்தில் பிரசாத் நெம்ப வேண்டியது. நோட்டீஸ் கட்டோடு பெட்டி என் துண்டுக்குள் போகவேண்டியது.

நாற்காலி மேல் ஏறினேன்.

“கார் கம்பெனியே, பதில் சொல்! திற, திற! டிக்கியைத் திற!”

நாலு பேர் கூடினார்கள். அப்புறம் பத்து பேர். வெளிநாட்டு அம்மாவும் “திரா, திரா” என்றார். பிரசாத் கம்பியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மதிவதனி உள்ளே போனாள். சொன்னேன் அல்லவா? போனவள் ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள்.

“தொண்ட வறண்டுடும், குடிங்க. ஆனா இன்னாங்க இது, கூட்டம் பத்தலயே? சக்கரபாணி சாரு ஜன்னல்லயே நிக்கறாரு. ஆராயி கடைய விட்டு வரல. நீங்க கூப்பிட்டா வரமாட்டாங்களா?”

தோழர்களே, நாற்பது வருடமாக என் கூட்டத்துக்கு மைக்செட்காரனைத் தவிர யாரும் கடைசிவரை நின்றதில்லை. அன்றைக்குத் தெரு நிறைந்திருந்தது. என் மனைவி முதல்முறையாகக் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். நெஞ்சு விம்மியது. மூளை லீவு போட்டது.

“சக்கரபாணி! ஆராயி! ஒரு சாக்கடைத் தண்ணி நம்மைப் பிரிப்பதா? பொது எதிரி முன்னால் சொந்தப் பகை எதற்கு? வாருங்கள்!”

சக்கரபாணி வந்தார். ஆராயி கரண்டியோடு வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு இருவரும் டிக்கிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். கைதட்டல் கிளம்பியது.

“தண்ணிய அந்தாண்ட திருப்பிவிட்டுட்டா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?” என்றார் சக்கரபாணி.

“நீ ஒரு வாட்டி மரியாதையா கேட்டிருந்தா எப்பவோ திருப்பியிருப்பேன் சாமி.”

வெற்றி என் தலைக்கு ஏறியது. பேச்சைத் தொடர்ந்தேன். பஸ் கட்டண மறியலில் போலீஸ் தேடியபோது செங்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் மறைந்திருந்த கதையைச் சொன்னேன். “அப்போது நான் பலராமன் இல்லை! இளஞ்செழியன்! அந்தப் பெயர் எனக்கும் அந்த மாடுகளுக்கும் மட்டுமே தெரியும். இன்றுதான் வெளியிடுகிறேன்!”

மறுபடி கைதட்டல். மதிவதனிதான் அதிகம் தட்டினாள்.

“தலைவர் பேசி முடிச்சிட்டாரா?” என்று கேட்டுவிட்டு, காரின் முன்கதவைத் திறந்தாள். டேஷ்போர்டு பெட்டிக்குள் கைவிட்டாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சாவியை அமுக்கினாள். டிக்கி ஒரு சின்ன ராகம் பாடிக்கொண்டு மெதுவாக, மரியாதையாக, முழுசாக எழுந்தது.

பிரசாத்தின் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

“டிக்கிக்குன்னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கு. புக்குல இருநூத்திப் பதினோராம் பக்கம். நேத்து பைய எடுக்கறப்போ நான்தான் அணைச்சேன்.”

நான் நாலு பக்கத்துக்கு மேல் எதையும் படித்ததில்லை. நாலு பக்கத்தில் சொல்ல முடியாதது உண்மையாக இருக்காது என்பது என் கருத்து.

“எ... எதுக்கு மதி?”

“சாட்சி ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கணுமே. அவங்கள ஒண்ணு சேக்க என்னால ஆகுமா? அதுக்கு ஒரு தலைவர் வேணும்.”

நோட்டீஸ் கட்டைத் தூக்கினாள். அடியிலிருந்த பெட்டியை எடுத்தாள்.

“ஐயோ, மக்கன் பேடா!” என்றாள் ஆராயி. “அண்ணா, பொங்கலுக்கு நானும் கையெழுத்துப் போட்டேனே!”

நாற்பது வருடப் போராளி அவ்வளவு சுலபத்தில் சரணடைவானா?

“அது என்னுடையது இல்லை!” என்று நாற்காலி மேலிருந்து முழங்கினேன். “யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். எழுத்து ஆதாரம் எங்கே? பெட்டி மேலே பெயர் எழுதியிருக்கிறது அல்லவா? அதில் பலராமன் என்று இருந்தால் இன்றே மலையைச் சுற்றுகிறேன். சக்கரபாணி, நீங்களே படியுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள்!”

சக்கரபாணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். முப்பது வருடம் ஊர்க் கடிதங்களின் முகவரி படித்த அதே குரலில், ஆராயி பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்தார்:

“தோழர் இளஞ்செழியன்.”