தண்ணீர் வராததும் சோதனைதானா, தம்பி?

குடிநீர் அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பு அதிகாரியும் என் கணவரின் ஒரே தம்பியுமாகிய உங்களுக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அதைத் தண்ணீர் வந்து குளித்த பிறகு எழுதுகிறேன். மறுபடி போன் செய்தால் அதையும் சோதனை என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே என் கையெழுத்திலேயே எழுதி, எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுக் காலை குழாயைத் திறந்தால் காற்று வந்தது. உங்கள் அண்ணன் காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பதும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் புண்ணைத் தினமும் கழுவிக் கட்ட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர்தானே. என் வீட்டில் தண்ணீருக்கும் கணக்கு உண்டு என்பதால் மூடிவைத்த குடத்தை வைத்து நேற்றைய பொழுதை ஓட்டினேன். குடம் காலியானதும் உங்களைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, தண்ணி வரலையே?"

"பதறாதீங்க அண்ணி, இது ஒரு சோதனை. 'உங்க பம்பெல்லாம் எங்க கையில, பணம் கொடுத்தா விடுறோம்'னு கம்ப்யூட்டர்ல சிவப்பு எழுத்து வந்திருக்கு. மேலிடம் எங்களை ஆழம் பாக்குது. நான் அசையவே இல்லையே!"

"நீங்க அசையலை, சரி. பம்பு அசையணுமே?"

"அதையும் நிறுத்தியிருக்காங்க அண்ணி. தத்ரூபமா பண்ணியிருக்காங்க!"

அந்தத் தத்ரூபத்தின் கதையை மருந்துக் கடையில் உங்கள் பம்பு ஓட்டுகிறவர் சொன்னார். 'பரிசு விழுந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்' என்று மாதாமாதம் நீங்களே பொய்க் கடிதம் அனுப்பி, அழுத்தின பாவிகளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பாடம் நடத்துவீர்களாமே, அதனால் நிஜத் திருடன் கணினிக்குள் புகுந்து மிரட்டியபோது தட்டச்சுப் பெண், "சார், இந்த மாசம் பிரமாதம்!" என்று கை தட்டினாளாம், நீங்கள் மேலிடத்து வேலை என்று நினைக்க, மேலிடம் உங்கள் வேலை என்று நினைக்க, சாயங்காலம் வரை ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டே இருந்தீர்களாம். "பழைய சுவிட்சு இருக்கு, கையால போட்டு விடட்டுமா சார்?" என்று கேட்டவரிடம், "சோதனையைக் கெடுக்காதய்யா" என்று பம்பு அறைச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்களாம். கடைசியில் அந்தத் திருடனே பொறுக்கமாட்டாமல் போன் செய்ய, "நல்லா நடிக்கிறீங்க சார்" என்று வைத்துவிட்டீர்களாம்! அவனை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. கஷ்டப்பட்டுத் திருடியும் மரியாதை இல்லை.

ஆண்டவனும்தான் சோதிக்கிறான். ஆனால் சோதிப்பது யார் என்று அவனுக்காவது தெரியும். எதையும் நம்பாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர் வைத்து நாற்காலியும் போட்டவர்களைச் சொல்ல வேண்டும். பூட்டுவதற்கு மட்டும் பாடம் நடத்தினால் போதுமா? உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளாவது பழகிப் பார்த்தீர்களா? முதலில் அந்தச் சாவியை அந்த மனிதர் கையில் கொடுங்கள். குழாயில் தண்ணீர் வரும்வரை என் வாசலை மிதிக்க வேண்டாம்.

உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும், உங்களுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அருளட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கைப்பேசியில் ஒரு செய்தி. 'பம்புகள் சரியாகிவிட்டன. உங்கள் தெருவுக்கு இப்போது சிறிது நேரம் மட்டும் தண்ணீர் விடப்படும்.' என்னிடமேவா? உங்கள் அடுத்த சோதனை என்று பார்த்ததுமே கண்டுபிடித்து, வீடு வீடாகப் போய், "யாரும் நம்பாதீங்க, குடத்தைத் தூக்காதீங்க, எல்லாம் எங்க கொழுந்தன் வேலை" என்று எச்சரித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் அண்ணன் நொண்டிக்கொண்டே போய் ஒரு வாளி பிடித்து வைத்திருக்கிறார். தண்ணீர் வந்து, அதற்குள் நின்றேவிட்டதாம். அவர் காலுக்கு அது போதும். ஆனால் தெருவே காலிக் குடத்தோடு என் வாசலில் நிற்கிறது. வாசலை மிதிக்க வேண்டாம் என்று முன்னே எழுதியதை விடுங்கள், எங்கள் தெருவுக்கு இன்னொரு தரம் தண்ணீர் திறந்துவிட, கையில் சாவியோடு உடனே வாருங்கள். அதுவரை, இதுவும் சோதனைதான் என்று சொல்லிவைக்கிறேன்.