அக்கா வீட்டுக்கு ஆறு லட்சம்

முருகன் துணை

நெல்லியாளம்,
ஞாயிற்றுக்கிழமை.

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை, பேரன், ஆடு, கோழியோடு குறைவில்லாமல் இருக்கிற என் மூத்த அக்கா சின்னம்மைக்கு, தம்பி முத்துவேல் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், விஜயா, மகன் ரவிக்குமார், மருமகள் சுகந்தி எல்லோரும் மழைக்கும் அட்டைப்பூச்சிக்கும் நடுவில் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாமென்றால் உனக்குக் காது கேட்பதில்லை. "சாப்புட்டியாடா?" என்று கேட்பாய், நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிடுவாய். அதனால்தான் கடுதாசி. சுகந்தி இதைப் படம் பிடித்து அனுப்புவாள். உன் மகன் நவநீதன் நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்திரைக்கு அங்கே வருவதாகச் சொன்னோமே, வர முடியாது அக்கா. கோபித்துக்கொள்ளாதே. நீ லயத்து வீட்டுக்கு வெள்ளையடித்து, சேவலைக் கூண்டில் அடைத்துத் தீனி போடுவதாக நவநீதன் சொன்னான். சேவலைத் திறந்து விட்டுவிடு. அந்தச் சேவலாவது நன்றாக இருக்கட்டும்.

நடந்தது இதுதான். எனக்கு உன் முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் ரவிக்குமார், "போறதே போறோம், நாட்டையே சுத்திப் பாத்துட்டு வந்துருவோம்ப்பா" என்றான். கையகல நாட்டில் காலையில் கடலில் குளித்து, மத்தியானம் வெயிலில் கருகி, சாயங்காலம் நுவரெலியாவில் கம்பளி போர்த்திக்கொள்ளலாமாம், கோயில், விகாரை, பள்ளிவாசல், மாதா கோயில் நாலும் ஒரே தெருவில் இருக்குமாம், அத்தனையையும் செல்போனில் காட்டினான். பிறந்த ஊர் இவ்வளவு அழகு என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நாம் பார்த்ததெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களமும் தேயிலைத் தூரும்தானே. பேக்டரியில் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதினவன் என்பதால் பட்ஜெட் போடும் பொறுப்பை என்னிடம் விட்டான். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. முதலில் சுகந்தியைக் கூப்பிட்டு, "பயணத்துக்கு என்னென்ன செலவுன்னு எழுதி வைம்மா" என்றேன். அவள் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். மல்லி, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு என்று அழகாக எழுதிக் கொண்டு வந்தாள். அவர்கள் ஊரில் செலவு என்றால் குழம்புக்கு அரைக்கிற சாமானாம். அந்தத் தாளை அப்படியே மளிகைக் கடைக்குக் கொடுத்துவிட்டு நானே பேனாவை எடுத்தேன்.

விலையெல்லாம் நவநீதனிடம் விசாரித்தேன். பாவம், பிள்ளை பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினான். வேனுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்தாயிரம் என்றான். வேனை விலைக்குக் கேட்கவில்லையே தம்பி, வாடகைக்குத்தானே கேட்டேன் என்றேன், வாடகைதான் மாமா என்றான். தங்கும் அறை இருபதாயிரம், ஜீப்பில் ஏறி யானை பார்க்க நாற்பத்தைந்தாயிரம். இங்கே யானைதான் நம்மைப் பார்க்க வருகிறது, போன வாரம்கூடப் பின்பக்கத்துப் பலாவை உலுக்கிவிட்டுப் போனது, அதற்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை. இது போதாதென்று வெள்ளைக்காரர்களெல்லாம் சேலை கட்டிக் கூடை மாட்டித் தேயிலை பறித்துப் பார்ப்பார்களாமே, அதற்கு ஆளுக்கு ஐயாயிரம். இதைக் கேட்டதும் விஜயா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "முப்பது வருசம் கொழுந்தெடுத்து என் விரலெல்லாம் கறுத்துக் கெடக்கு, இப்ப நான் காசு குடுத்து எடுக்கணுமா? அவன் குடுக்கட்டும் எனக்கு!" என்றாள். அதைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

சோத்துப் பார்சல் அறுநூறு, செவ்விளநீர் இருநூறு, ஒரு தேத்தண்ணி நூறு ரூபாய்! தேயிலை விளைகிற மண்ணில் தேத்தண்ணி நூறு ரூபாய் விற்றால் ஜனங்கள் எப்படி அக்கா பிழைக்கிறீர்கள்? நீ ஒரு நாளைக்கு நாலு தடவை குடிப்பாயே! அந்தக் கவலையில் எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தேத்தண்ணிச் செலவை மிச்சம் பிடிக்க இங்கிருந்தே தூளும் பிளாஸ்க்கும் கொண்டு போகலாம் என்று நான் சொல்ல, கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதைதான் என்று விஜயா சிரித்தாள். யானையை அடித்தேன், கடலை அடித்தேன், விகாரையை வெளியில் நின்று கும்பிடுவதாக மாற்றினேன், மத்தியானச் சாப்பாட்டை வாழைப்பழமாக்கினேன். என்ன குறைத்தாலும் விமான டிக்கெட்டோடு சேர்த்து அஞ்சு லட்சத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. எதையும் குறைக்காமல் போட்டால் ஆறு லட்சம். நான் வேலையை விட்டு வரும்போது வாங்கின பணத்தில் கையில் இருப்பது இதில் பாதிகூட வராது.

மொத்தத்தை மட்டும் ரவிக்குமாரிடம் சொன்னேன். "ரெண்டு வருசம் போகட்டும்ப்பா, சேத்து வச்சுப் போவோம்" என்றான். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு உன் வயசுதான் மனசில் வந்தது. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டாய். நான் மீசை முளைக்காத பயலாக அம்மாவோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினதோடு சரி, அப்புறம் உன்னை நேரில் பார்க்கவே இல்லை. ரெண்டு வருஷம் என்பது அவனுக்குச் சின்னக் கணக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆகையால் இந்தச் சித்திரைக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே, விலைவாசி இப்படி இருக்கிறதே என்று தேத்தண்ணியை மட்டும் குறைத்துவிடாதே. நவநீதனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். மாரியம்மன் உங்கள் எல்லோரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி
முத்துவேல்

பி.கு.: மேலே எழுதினது அத்தனையும் தப்பு. கிழித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் கை வலிக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். படம் பிடிக்க வந்த சுகந்தி நின்று வாசித்தாள். வாசித்துவிட்டு, "ஏனுங்க மாமா, டீ நூறு ரூவாங்கறீங்களே, அது எந்த ஊரு ரூவாங்க?" என்றாள். ரூபாய்க்கு என்னம்மா ஊர், ரூபாய் ரூபாய்தான் என்றேன். "இல்லைங்க மாமா, நம்மூரு ஒரு ரூவாய்க்கு அங்க மூணு ரூவாய்க்கு மேல வருதுங்க" என்று போனில் தட்டிக் காட்டினாள். நான் அங்கே இருந்தபோதும் ரூபாய், இங்கே வந்தபோதும் ரூபாய். இடையில் இப்படிப் பிரிந்து போனது யாருக்குத் தெரியும்? விஜயா இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. ரவிக்குமார் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறான். சித்திரைக்கு வருகிறோம் அக்கா! புதுக் கணக்குப்படி பணம் மிச்சமும் ஆகிறது. நீ உடனே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. திரும்பும்போது உன்னையும் கையோடு கூட்டி வந்து, அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டலாமென்று இருக்கிறேன். டிக்கெட் என்ன விலை என்று மட்டும் கேட்காதே. எந்த ஊர் ரூபாயில் சொன்னாலும் நீ வரமாட்டேன் என்பாய்.